இருபத்தொரு நாள் வீட்டுக்காரி

சண்முகவடிவுக்கு வயது நாற்பத்தாறு. அதில் இருபத்துமூன்று வருடம் நுவரெலியாவில் ஒரு போர்டிங் வீட்டில், அவள் சமைத்த குசினிக்குப் பின்னால், விறகு அடுக்கியிருந்த ஓர் இடத்தில் கழிந்தது. இடம் என்றுதான் சொல்ல வேண்டும். அறை என்றால் கதவு இருக்க வேண்டும். அவளுக்கு இருந்தது சாக்குத் திரை. அதைப் பற்றி அவள் யாரிடமும் குறைபட்டதில்லை. வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். மீன்காரன் பழைய மீனைத் தலையில் கட்டப் பார்த்தால் அவன் ஏழு தலைமுறையையும் வாசலுக்கு இழுத்துவிடுவாள். தனக்கென்று ஒன்று கேட்கத்தான் வாய் வராது.

1957ஆம் வருடம் ஆவணி மாதத்தில் போர்டிங் வீடு விலையாகிவிட்டது. புரட்டாசி பிறந்ததும் வேலைக்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். நல்ல மனிதர், வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த வருத்தத்தை விரித்துப் படுக்க முடியுமா? வடிவு வெங்காயம் உரித்துக்கொண்டே யோசித்தாள். கண்ணைத் துடைத்தாலும் ஏன் என்று எவரும் கேட்காத வேலை அது.

அந்த வாரமே டயகம தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் தங்கை நாகலெட்சுமியிடமிருந்து சேதி வந்தது. கொண்டுவந்தவர் மரக்கறி லொறி ஓட்டும் முனாப். அண்ணன் முறைக்கு அவரை நானா என்று கூப்பிடுவாள்.

"ஒங்க தங்கச்சி குடும்பத்தோட இந்தியாவுக்குப் போறாங்களாம். புள்ளைக்குக் கொலசாமி கோயில்ல மொட்ட போடணுமாம். இருவத்தொரு நாளைக்கி நீங்க வந்து வீட்டப் பாத்துக்கணுமாம்."

"பாத்துக்கிறதுக்கு அங்க என்ன இருக்கு, முனாப் நானா? ஒரு காம்பராவும் நாலு கோழியும்."

"அந்தக் காம்பராவத்தான் பாத்துக்கணும். அடுப்புல பொகை வரல்லன்னா ஆளில்லன்னு தோட்டத்துல வேற குடும்பத்துக்குக் குடுத்துருவாங்கன்னு ஒங்க தங்கச்சி மாப்பிள்ளைக்குப் பயம்."

லயத்தில் வரிசையாக இருக்கும் ஒற்றையறைக் காம்பராக்களில் அந்த ஒன்றில்தான் வடிவு பிறந்தாள். கட்டியவன் ஒரே வருடத்தில் காய்ச்சலில் போய்விட, அங்கேயே திரும்பி வந்தாள். பிறகு நாகலெட்சுமிக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை அழகன் வீட்டோடு வந்தான். புதுசாகக் கட்டியவர்களுக்கும் மூத்தவளுக்கும் நடுவே ஒரு சேலையைத் திரையாகக் கட்டிப் படுத்த முதல் இரவு விடிந்ததும், வடிவு டவுனில் வேலை கிடைத்துவிட்டது என்று பொய் சொல்லிக் கிளம்பினாள். வேலை கிடைத்தது பத்து நாள் கழித்து. அதற்கப்புறம் எப்போதாவது தங்கையைப் பார்க்கப் போனாலும் தான் தேத்தண்ணி குடிக்கும் தகர மக்கையும் தட்டையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் போவாள். "எதுக்குக்கா இந்தக் கூத்து?" என்று நாகலெட்சுமி கேட்பாள். "பழகிப்போச்சுடி" என்பாள் இவள். விருந்தாளி விருந்தாளியாக இருந்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை என்பது அவள் கணக்கு.

இந்தத் தடவை மூட்டையோடு ஒரு கேள்வியும் வந்தது. நாகு, ஒரு மூலையில நானும் கெடந்துக்கட்டா? அவ்வளவுதான் கேள்வி. லொறியில் முனாப் நானா பக்கத்தில் உட்கார்ந்து, நானுஓயாவரைக்கும் அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பின்னால் தேங்காயும் கருவாட்டு மூட்டைகளும் உருண்டுகொண்டிருந்தன. ஏற்றத்தில் லொறி மூச்சுவாங்கியது. ரதல்லையைத் தாண்டியதும் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. முனாப் கெட்ட வார்த்தை ஒன்றைப் பாதி சொல்லி, பெண்பிள்ளை பக்கத்தில் இருப்பது ஞாபகம் வந்து மீதியை விழுங்கினார். இரண்டு பேரும் ஓடையில் இறங்கி, மக்காலும் தட்டாலும் தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள்.

"ஒங்க மக்கு பொழைக்க வச்சிச்சு" என்றார் முனாப். லிந்துலையில் தேத்தண்ணியும் வடையும் வாங்கிக்கொடுத்தார். மழை விட்டிருந்தது. மலையெல்லாம் கழுவித் துடைத்த பச்சை. வடை சுடச்சுட இருந்தது, யாருக்கும் சமைத்துப் போட வேண்டியதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கலாம். இப்படி ஒரு திங்கட்கிழமை தன் ஆயுளில் வந்ததே இல்லை என்று வடிவுக்குத் தோன்றியது.

"இருவத்தொரு நாள் கழிச்சு?" என்று முனாப் கேட்டார். போர்டிங் வீடு விலைபோன சங்கதி அவருக்குத் தெரியும்.

"அத அப்பப் பாத்துக்கலாம் நானா" என்று அவள் வடையைப் பிட்டாள்.

டயகமவில் கேட்பதற்கு நேரமே வாய்க்கவில்லை. அதே லொறியில்தான் அவர்கள் தலவாக்கலை ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். கல்யாணமாகி இருபது வருடம் கழித்துப் பிறந்த மூன்று வயது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நாகலெட்சுமி குதித்துக்கொண்டிருந்தாள். "வேலைக்கு எழுப்பத் தப்பு மேளம் அடிக்கிறதுக்கு முந்தி அடுப்ப மூட்டிரு அக்கா. கறுப்புக் கோழி அடைக்கு ஒக்காந்திருக்கு, கிட்டப் போனா கொத்தும்." சாவியை அக்காவின் உள்ளங்கையில் அழுத்தினாள். லொறி வளைவில் மறைந்தது.

வடிவு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். திறந்தாள். மறுபடி சாத்தித் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தாள். தனியாக இருந்ததால் வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் காலையில்தான் அந்த அசம்பாவிதம் நடந்தது. இருட்டோடு இருட்டாக அடுப்பை மூட்டி, புகை கூரைக்கு ஏறுகிறதா என்று வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தப்புச் சத்தம் கேட்டது. பிறந்ததிலிருந்து இருபத்துமூன்று வயதுவரை அவளை எழுப்பிய சத்தம். மூளை வேலைசெய்யும் முன்பே கால் வேலைசெய்துவிட்டது. ஆணியில் தொங்கிய தங்கையின் கூடையை எடுத்தாள், கயிற்றைத் தலையில் மாட்டினாள், இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றினாள், பெண்களோடு பெண்ணாக, வேலைக்கு ஆளெண்ணும் பெரட்டுக்களத்தில் போய் வரிசையில் நின்றுவிட்டாள். முத்துலிங்கம் கங்காணி தலை எண்ணினார். ஒன்று கூடுதல். மறுபடி எண்ணினார். அப்போதும் கூடுதல். லாந்தரைத் தூக்கிப் பிடித்து முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்து வடிவின் முன்னால் நின்றார்.

"நீ யாரும்மா?"

அப்போதுதான் அவளுக்குச் சுயநினைவு வந்தது. "வீடு பாத்துக்க வந்தேங்க" என்றாள்.

பெரட்டே சிரித்தது. பக்கத்துக் காம்பரா வீரம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வடிவுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. கங்காணிக்கும் சிரிப்புத்தான், ஆனால் பதவி இடங்கொடுக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

"நாகலெட்சுமி அக்காவா? சரி, வந்தது வந்துட்ட. தங்கச்சி கொழுந்து எடுக்கிற நெரை சும்மாதான் கெடக்கு, கொழுந்து முத்திப் போகும். கை மறந்துருச்சான்னு பாப்பம். கணக்கப்பிள்ளைகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

முதல் அரைமணி நேரம் கை மறந்துதான் போயிருந்தது. வீரம்மா நிரையை முடித்துவிட்டு வந்து கேலிசெய்தாள். பத்து மணி வெயில் ஏறியபோது விரல்களுக்கு ஞாபகம் திரும்பியது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக, பார்க்காமலே கிள்ளி, தோளுக்கு மேல் கூடைக்குள் எறிந்தாள். இருபத்துமூன்று வருடம் பிறர் தின்ற தட்டுகளைக் கழுவிய கை அது. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது, "டவுன்காரி பரவால்லியே" என்றார் கங்காணி. அன்றைக்கு வடிவு நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அதிலிருந்து தினமும் தங்கையின் நிரைக்குப் போனாள். லீக்ஸ் பாத்திக்குத் தண்ணீர் விட்டாள். கறுப்புக் கோழியிடம் இரண்டு கொத்து வாங்கி, ஏழு குஞ்சுகளைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீரம்மா வந்து ஊர் வம்பெல்லாம் பேசிவிட்டுப் போவாள். வடிவு சந்தோஷமாக இருந்தாள். சந்தோஷம் கூடக்கூட அந்தக் கேள்வியும் கனத்தது.

கடைசி ஞாயிறு, வீட்டுப் பாத்திரங்களையெல்லாம் இறக்கிப் புளி போட்டு விளக்கினாள். அவரவர் பேரை வெட்டாத பாத்திரம் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் படித்த படிப்பை வைத்து எழுத்துக்கூட்டினாள். அப்பா பேர் குண்டானில், அம்மா பேர் குடத்தில். அழகன், நாகலெட்சுமி. மூன்று வயதுக் குழந்தைக்குக்கூட ஒரு குட்டிக் கிண்ணம். இவள் கல்யாணத்துக்கும் ஒரு செம்பு வெட்டினார்கள். அது கட்டியவன் வீட்டோடு போய்விட்டது. இல்லை என்று தெரிந்தும், கடைசிக் கரண்டிவரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தன் தகர மக்கில் தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள்.

இருபத்தோராம் நாள், அவர்கள் வருவதற்கு முன்பே மூட்டையைக் கட்டி இஸ்தோப்பில் வைத்துவிட்டாள். மூன்று பேர் படுக்கும் காம்பராவில் நாலாவது ஆளுக்கு இடம் கேட்பதாவது! கேட்டு, தங்கை ஒரு விநாடி தயங்கிவிட்டால் அதைத் தாங்க முடியாது. கேட்காமல் போய்விடலாம்.

மத்தியானம் லொறி வந்து நின்றது. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு குழந்தை, "பெரீம்மா!" என்று ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டது. நாகலெட்சுமி கோழிக்குஞ்சுகளை எண்ணினாள், அடுப்பைப் பார்த்தாள், வீரம்மா வாயால் பெரட்டுக் கதையைக் கேட்டுச் சிரித்து இருமினாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, துணிக்குள்ளிருந்து ஒரு பித்தளைச் செம்பை எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

வடிவு செம்பின் வயிற்றுப் பக்கத்தைத் திருப்பினாள். ச, ண், மு. அதற்கு மேல் எழுத்துக் கலங்கியது.

"எனக்கெதுக்குடி இது? அங்க வைக்க எடமில்ல."

"அங்க கொண்டுபோக யாரு குடுத்தா? இது இங்கதான் இருக்கணும். நீ ஒவ்வொரு தடவையும் அந்தத் தகர மக்க எடுத்துக்கிட்டு வர்றப்ப எனக்கு எப்பிடி இருக்கும்னு ஒனக்குத் தெரியுமா? எனக்காகத்தான் நீ வீட்ட விட்டுப் போனன்னு எனக்குத் தெரியாதாக்கா?"

வடிவு அழுதுவிட்டாள். அழுகையோடு போர்டிங் வீடு விலைபோனதும் வெளியே வந்துவிட்டது.

"இத இருவத்தொரு நாளா வாயில அடக்கிக்கிட்டா இருந்த?" என்று நாகலெட்சுமி கத்தினாள். உண்மையான கோபம். "ஏங்க, கேட்டீங்களா இந்தக் கூத்த?"

அழகன் கூரையின் பின்பக்கத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். "குசினிப் பக்கம் ரெண்டு தகரத்தச் சாய்ப்பா எறக்கினாப் போதும், ஒங்களுக்கு ஒரு எடம் ஆயிரும், மதினி. கங்காணிகிட்ட நான் பேசுறேன். ஒங்க கையப் பத்தி அவரே ரோட்டுல நிறுத்திச் சொன்னாரு."

முனாப் இஸ்தோப்பில் கிடந்த மூட்டையைக் காட்டினார். "அப்ப இத லொறியில ஏத்தவா, வேணாமா?"

நாகலெட்சுமி குனிந்தாள். மூட்டையை அவிழ்த்து அந்தத் தகர மக்கை எடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள், கோழிக்குஞ்சுகளுக்கு முன்னால் வைத்தாள். கறுப்புக் கோழி வந்து முதலில் குடித்தது.