காலிக்குழியும் மூன்றாவது புத்தகமும்

ஜெஸ்னா பால் பாக்கெட்டை வெட்டுமுன் தேதியைப் பார்ப்பாள். வெட்டிய பிறகு மோந்தும் பார்ப்பாள். கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய் ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தபோது, வந்த உத்தரவு அசல்தானா என்று அந்த நிலையத்துக்கே போன் போட்டுக் கேட்டவள். அப்படிப்பட்டவளிடம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள்.

தூரழுகல் நோய்க்குப் புது மருந்து வந்திருந்தது. மருந்து ஊற்றிய செடிகள் ஊற்றாதவற்றைவிட அதிக காலம் பிழைக்கின்றனவா என்று அவள் கணக்கிட வேண்டும். அதற்கு சர்வைவல் அனாலிசிஸ் என்கிற புள்ளியியல் பிரிவைக் கற்றாக வேண்டும். நிலையம் ஒரே ஒரு பாடநூல்தான் வாங்கித் தரும்.

வீட்டில் அம்மா சிசிலி வேறு பிடுங்கி எடுத்தாள். அவர்களுடைய சொந்த ஏலக்காட்டிலும் அழுகல் இறங்கியிருந்தது.

“அந்த மருந்த ஊத்தலாமா வேண்டாமா, ஒரு வார்த்த சொல்லுடி. காடு போச்சுன்னா நான் மறுபடியும் எஸ்டேட்டுக்குத்தான் கொழுந்து கிள்ளப் போவணும்.”

முதல் புத்தகத்தை உடன் வேலை பார்க்கும் மலையாளி ஜிபி கொடுத்தான். மெலிசான புத்தகம், முழுக்க கம்ப்யூட்டர் கட்டளைகள். “இது மதி ஜெஸ்னா, இதுவே போதும். பாக்கியெல்லாம் கம்ப்யூட்டர் நோக்கிக்கும்” என்றான். அவ்வளவு சுலபமான ஒன்றை இவன் ஏன் சும்மா கொடுக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டாவது, பாலக்காட்டில் அவள் படித்த கல்லூரியிலிருந்து இரவல் வாங்கியது. பக்கத்துக்குப் பக்கம் தேற்றங்கள். ஓர் உயிர்கூட அதில் சாகவில்லை. அதே கல்லூரியிலிருந்து வந்த மூன்றாவது சரியான அறுவை. கணக்கைத் தொடங்காமல், யார் எண்ணினார்கள், எப்படி எண்ணினார்கள் என்றே ஓர் அத்தியாயம் முழுக்க வளவளத்தது. அதை மூடி ஓரமாக வைத்தாள்.

நிலையத் தோட்டத்தின் செடிக் கணக்கைப் போட்டு, ஜிபியின் புத்தகத்தைப் பார்த்துக் கட்டளைகளைத் தட்டினாள். திரையில் மருந்து ஊற்றிய செடிகளின் கோடு அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராகப் போனது. ஏறக்குறைய சாவே இல்லை. நிலையமே மகிழ்ந்திருக்கும். ஜெஸ்னா அந்தக் கோட்டை நம்பவில்லை. எந்தத் தோட்டத்தில் இப்படி நடக்கும்?

ஓரமாக வைத்ததை மறுபடி திறந்தாள். ‘நீங்கள் பார்க்கத் தொடங்கிய அதே உயிரைத்தான் கடைசிவரை பார்த்தீர்களா?’ என்று கேட்டது அந்த அறுவை அத்தியாயம். மாதாமாதம் செடிகளை எண்ணியவன் ஜிபி. கள்ளக் கணக்கு எழுதிவிட்டான் என்றே முடிவு கட்டி, மழையோடு மழையாக நிலையத்தின் தோட்டத்துக்கு நடந்தாள்.

மருந்து ஊற்றிய செடிகள் ரோட்டோரமாக இருந்தன. ஆள் உயரச் செடிகளுக்கு நடுவே அங்கங்கே முழங்கால் உயரத்தில் இளசுகள் நின்றன. எல்லாவற்றிலும் நம்பர் தகடு ஒழுங்காகத் தொங்கியது. களை எடுத்துக்கொண்டிருந்த ராமுத்தாயைக் கூப்பிட்டாள்.

“இந்தச் செடி ஏங்க்கா இம்புட்டுக் குட்டையா இருக்கு?”

“பழசு செத்துப்போச்சு பாப்பா. பிடுங்கிட்டு நாத்து வச்சோம். ரோட்டுல போறவங்க கண்ணுல காலிக்குழி பட்டா யாருக்குக் கேவலம்? எங்களுக்குத்தான? தகட்ட மட்டும் பத்திரமா இதுலயே கட்டிட்டோம். ஒண்ணையும் தொலைக்கல.”

“கீழ்ச்சரிவுல மருந்து ஊத்தாத செடி செத்தப்போ?”

“அங்க யாரு வந்து பாக்கப் போறா? குழி அப்படியே கெடக்கு.”

ஏலக்காட்டில் காலிக்குழியை விட்டுவைக்க மாட்டார்கள் என்பது ஜெஸ்னாவுக்குத் தெரியாததல்ல. அம்மாவும் அப்படித்தான். அப்படியிருந்தும் சந்தேகப்பட வேண்டியதை விட்டுவிட்டு ஆளைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

நிலையத்துக்குத் திரும்பியதும் ஜிபியைக் கேட்டாள். “தகடு கண்டா உயிருண்டுன்னு எழுதினேன்” என்றான் ஜிபி. பிறகு அவளை உற்றுப் பார்த்தான். “நான் கள்ளம் பண்ணினேன்னு நெனச்சல்லே?”

“ஆமா.”

“கொள்ளாம், நல்லாயிருக்கு!” என்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பையும் அவள் முழுதாக நம்பவில்லை.

நிலையத்துக்கு மூன்றாவது புத்தகத்தின் பெயரை எழுதிக் கொடுத்தாள். ஜிபியின் புத்தகத்தில் பக்கம் எதுவும் குறையவில்லை என்று புரட்டிப் பார்த்த பிறகே திருப்பித் தந்தாள்.

“அப்போ மருந்து கேக்குமா, கேக்காதா?” என்றாள் சிசிலி.

“இன்னும் தெரியாதும்மா. பாதிக் காட்டுக்கு மட்டும் ஊத்து. ஆனா செத்த எடத்துல நாத்து வைக்காத. ரெண்டு பக்கமும் அப்படியே கெடக்கட்டும்.”

“குழியக் காலியாப் போடவா? ஊரு என்ன பேசும்?”

“பேசட்டும்.”

சிசிலி சரி என்றுதான் சொன்னாள். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் ஜெஸ்னா அம்மாவின் நாற்றுக்கூடையைத் தூக்கித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்து, அறையைப் பூட்டிவிட்டுப் போனாள்.