கெல்வினுக்குக் கட்டிய காப்பு

“வணிக அளவில் கோழிப்பண்ணை நடத்துபவர். முரட்டுச் சுபாவம் உள்ளவர். பிறருடைய வளர்ப்புப் பிராணிகளைத் துன்புறுத்தும் வழக்கம் உடையவர்.”

நகராண்மை மன்றத்துக் கடிதம் மலாயில் இருந்தது. கொண்டுவந்த அதிகாரி பவித்ரன் நம்மவர் என்பதால், வீட்டு வாசல் அஞ்சடியில் நின்றபடியே படித்துத் தமிழில் அர்த்தமும் சொன்னார். கருப்பம்மாள் கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

“யாரு தம்பி இந்தப் பொம்பள? நம்ம தாமான் குடியிருப்புலயா இருக்கு?”

“நீங்கதான்க்கா.”

கருப்பம்மாளுக்கு வயது அறுபத்திரண்டு. உயரம் நாலடி ஒன்பது அங்குலம். அதில் கொண்டைக்கும் பங்கு உண்டு. பண்ணை என்று மன்றம் குறிப்பிட்டது வீட்டுக்குப் பின்னால் மேயும் ஒன்பது கம்பத்து நாட்டுக்கோழிகளை. பவித்ரன் இரண்டு முறை எண்ணினார். இரண்டு முறையும் வேறு வேறு விடை வந்ததால் கருப்பம்மாள் சொன்னதையே எழுதிக்கொண்டார். முரட்டுச் சுபாவத்தைப் பற்றிச் சொல்வதானால், நாய் ஒன்று தெருவின் அந்தப் பக்கம் போனால் இவர் இந்தப் பக்கத்து வேலியோடு வேலியாகிவிடுவார். ஏழாங்கட்டை ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய நாளில், கணக்கெழுதும் பெரிய கிராணியின் நாய் அவருடைய இடது கெண்டைக்காலில் விட்டுப்போன நாலு பல் அடையாளம் இன்னும் இருக்கிறது. துன்புறுத்தலுக்கு மட்டும் ஆதாரம் உண்டு: ஒரு ஜப்பான் சிலிப்பர், அதாவது ரப்பர் செருப்பு. அதை அவர் ஒரு நாயின் மேல் எறிந்தது உண்மை. பட்டது அவருடைய சொந்தப் பெட்டைக்கோழியின் மேல். கோழி இரண்டு நாள் ஒருக்களித்து நடந்தது. நாய் சிலிப்பரைக் கவ்விக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது. அந்தச் சிலிப்பர்தான் படம் பிடிக்கப்பட்டு, நாய் வீட்டார் கொடுத்த புகாரோடு இணைக்கப்பட்டிருந்தது.

நாயின் பெயர் கெல்வின். பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஜாதி. செமோர் வெயிலில் ஏர்கோன் அறையில் வளர்ந்தது. நீலக் கண், கழுத்தைச் சுற்றிக் கம்பளி விரித்தது போல ரோமம். திருக்குமரன் என்ற எஞ்சினியர் குளிரை அளக்கும் அளவையிலிருந்து அந்தப் பெயரை எடுத்து வைத்தார். மெல்பர்னில் வேலை கிடைத்ததும் நாயைப் பெற்றோரிடம் விட்டுவிட்டுப் பெயர்க்காரணத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். அப்பா ஸ்கந்தராஜா, ஈப்போவில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா தவமணி, வெள்ளிக்கிழமை தவறாத விரதக்காரர். தோட்டத்தை வெட்டி வீடு கட்டியபோது, மூன்றாம் நம்பர் ரப்பர்க் காடு இருந்த இடத்தில் அவர்கள் பெரிய வீடு வாங்கினார்கள். தோட்டத்து ஆட்களுக்குக் கிடைத்த சின்ன வீடுகளின் வரிசை அதற்கு நேர் பின்னால். இடையில் ஒரு லோங்காங். மழை பெய்தால் தண்ணீர் ஓடும் அந்தச் சாக்கடை, மற்ற நாட்களில் கெல்வினின் சாலை.

தோட்டம் போனபின் கருப்பம்மாள் பத்தொன்பது வருஷம் ஒரு கோழி ஆலையில் தொடைகளைப் பொட்டலம் கட்டினார். லட்சக்கணக்கான கோழிகள் அவர் கைவழியே போயிருக்கின்றன; ஒன்றுக்காகவும் அவர் கண் கலங்கியதில்லை. இப்போது ஒரே ஒரு சேவலுக்காகச் சோறு இறங்காமல் இருந்தார். காரணம், அது அவருடைய சேவல் இல்லை. முனியாண்டியின் சேவல்.

மகள் தினேஸ்வரி வேன் லைசென்ஸ் தேர்வில் நாலு முறை தோற்றவள். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொன்னால் வண்டி பின்னால்தான் போகும். ஐந்தாம் முறை கருப்பம்மாள் தோட்டத்து முனியாண்டியிடம் போய், “இந்தத் தடவை மேட்ட ஏத்திவிடு, சேவல் தாரேன்” என்று வேண்டிக்கொண்டார். வண்டி ஏறிவிட்டது. இப்போது தினேஸ்வரி தினமும் காலையில் பதினொரு பிள்ளைகளை வேனில் வைத்துத் தமிழ்ப்பள்ளிக்கு ஓட்டுகிறாள். முனியாண்டி தன் பங்கை முடித்துவிட்டார். சேவல் போய்ச் சேரும்வரை அந்த லைசென்ஸ் இரவல் லைசென்ஸ்தான் என்பது கருப்பம்மாளின் கணிப்பு. வேன் ஒவ்வொரு நாளும் முக்குத் திரும்பும்போது அவர் அஞ்சடியில் நிற்பார்.

பாசார் சந்தையில் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். செல்லாது. வேண்டிக்கொண்ட வீட்டில் குஞ்சாய்ப் பொரிந்து, அந்த வீட்டு அரிசியைத் தின்று வளர்ந்த சேவலாக இருக்க வேண்டும். அப்படி வளர்த்த முதல் சேவல் பிப்ரவரியில் போயிற்று.

கருப்பம்மாள் குடையைப் பிடித்துக்கொண்டு ஸ்கந்தராஜாவின் கேட்டுக்கு வெளியே நின்றார். வெயில் இல்லை, குடை நாய்க்காக.

“சார், உங்க நாயி என் சேவலத் தின்னுருச்சு.”

“கெல்வின் தின்னமாட்டான். அவன் விளையாடுறவன். உங்கட சேவல் பயந்து செத்திருக்கும்.”

“பயந்து செத்தா றெக்கை எங்க சார் போவும்?”

ஸ்கந்தராஜா முப்பத்து நாலு வருஷம் ஒழுங்கை நிலைநாட்டியவர். அவர் நடந்து வந்தால் பள்ளிக் கேன்டீனில் கரண்டிச் சத்தம் நின்றுவிடுமாம். “நான் பழக்கி வச்சிருக்கிறன். ஒருக்கா பாருங்கோ” என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் “சிட்” என்றார். கெல்வின் வாழைமரத்தடிக்குப் போய்க் காலைத் தூக்கியது. மறுபடியும் சொன்னார். அது கேட்டருகே வந்து கருப்பம்மாளின் குடையை முகர்ந்தது. மூன்றாவது முறை சொன்னபோது அது களைத்துப்போய், நீட்டிப் படுத்தது.

“பார்த்தீங்களோ? உட்காரச் சொன்னா படுக்கவே செய்யிறான்.”

இரண்டாவது சேவல் மே மாதம். அதற்குப் பிறகு கருப்பம்மாள் கம்பிவலை கட்டினார். கெல்வின் அடியில் தோண்டியது. தகரம் புதைத்தார், பக்கவாட்டில் தோண்டியது. மூன்றாவது சேவலைக் குளியலறையில் வைத்துப் பார்த்தார். அது வாளித் தண்ணீரில் தெரிந்த தன் நிழலோடு இரண்டு நாள் சண்டை போட்டு, தினேஸ்வரியையும் உள்ளே விடாமல் கொத்தி, கடைசியில் தீனியை நிறுத்திக்கொண்டது. வெளியே விட்ட அன்றைக்குத்தான் சிலிப்பர் சம்பவம்.

“கோழியெல்லாம் இருவத்தோரு நாள்ல அப்புறப்படுத்தணும்கா. இல்லன்னா லைசென்ஸ் எடுக்கணும்” என்றார் பவித்ரன்.

“அந்த நாயி?”

“நாய்க்கு லைசென்ஸ் இருக்குக்கா. பாத்துட்டேன்.”

“திங்கறதுக்குமா?”

“அது வேற பாரம்லா.” பவித்ரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கையிலிருந்த படிவத்தை மடித்துப் பைக்கில் ஏறினார்.

கருப்பம்மாள் நாட்காட்டியைப் பார்த்தார். முனியாண்டி திருவிழா, கடிதம் வந்ததிலிருந்து பதினெட்டாம் நாள். ஆக, மன்றத்தை ஜெயிக்கத் தேவையில்லை. கெல்வினை ஜெயித்தால் போதும்.

எட்டாம் நாள் கோயிலில் காப்புக் கட்டு. தோட்டம் போனாலும் கோயில் இருந்த இடத்திலேயே, இப்போது ஒரு பாட்மிண்டன் மைதானத்துக்கும் மின்சாரக் கொட்டகைக்கும் நடுவில் இருக்கிறது. பூசாரி சன்னாசி ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கட்டிவிட்டு, மைக்கில் சட்டத்தைச் சொன்னார்: “காப்புக் கட்டினவங்க கவிச்சி தொடக்கூடாது. உசுரக் கொல்லக்கூடாது. எல்லையத் தாண்டக்கூடாது. காப்பு அவுக்கிற வரைக்கும் இதுதான்.”

நாற்பது வருஷமாக அதே மூன்று வாக்கியங்களைக் கேட்டுக்கொண்டிருந்த கருப்பம்மாளுக்கு, அன்றைக்குத்தான் அவை ஒருவனுடைய குற்றப்பத்திரிகை போலக் கேட்டன. கூட்டம் கலைந்ததும் சன்னாசியிடம் போனார்.

“இன்னொரு கயிறு குடு சன்னாசி.”

“யாருக்குக்கா?”

“ஒருத்தனுக்கு. கவிச்சிய விடமுடியாமக் கெடக்கான்.”

“குடிகாரனா?”

“அது ஒண்ணுதான் இல்ல.”

“பேரு சொல்லுங்க, மந்திரம் சொல்லித் தாரேன்.”

“கெல்வின்.”

“வேதக்காரப் பையனா?” சன்னாசி கொஞ்சம் யோசித்தார். “பரவால்ல. சாமிக்கு எல்லாரும் ஒண்ணுதான்.” கற்பூரத்தைக் காட்டிப் பெயரை மூன்று முறை சொல்லிக் கயிற்றைக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, வழக்கம்போலத் தகரத்துக்குப் பக்கத்தில் மண் பறந்தது. முதலில் மூக்கு வந்தது, பிறகு தலை, பிறகு தோள்வரை. அங்கே தகரத்தின் விளிம்பில் கெல்வின் கொஞ்சம் மாட்டிக்கொள்ளும். அரை நிமிஷம் நெளிந்துதான் வெளியே வரும். சேவல் கொய்யா மரத்தில் ஏறி நின்று கத்தியது. கருப்பம்மாளின் கையில் மூன்று உளுந்து வடைகள் இருந்தன. இடது கெண்டைக்கால் தானாகத் துடித்தது. முனியாண்டி பெயரைச் சொல்லிக்கொண்டார். குந்தி உட்கார்ந்து முதல் வடையை நீட்டினார். அது போயிற்று, விரல்கள் மிஞ்சின. இரண்டாவது வடைக்கு ஒரு முடிச்சு. மூன்றாவது வடையைத் தரையில் வைத்துவிட்டு, அந்தப் பெரிய ரோமக் கழுத்தில் கையை நுழைத்து இன்னும் இரண்டு முடிச்சு போட்டார். நெற்றியில் திருநீறும் பூசினார். கெல்வின் அவருடைய மஞ்சள் கையை மணிக்கட்டுவரை நக்கியது. பிறகு, வடை தீர்ந்துவிட்டதைத் தெரிந்துகொண்டு, பின்பக்கமாகவே நெளிந்து லோங்காங் வழியாக வீட்டுக்குப் போயிற்று.

கருப்பம்மாள் பறந்த மண்ணைக் குழிக்குள் தள்ளி மூடினார்.

லோங்காங்குக்கு அந்தப் பக்கம் பேசுவது இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும். முதலில் ஸ்கந்தராஜாவின் குரல்: “ஆரு இதைக் கட்டினது? கத்தரிக்கோல் எங்கை?” பிறகு தவமணி: “தொடாதீங்கோ. அது காப்பு.”

“நாய்க்குக் காப்போ? இது ஆகமத்தில இல்லை.”

“கத்தரிக்கோல் ஆகமத்தில இருக்கோ?”

“நான் சைவ சித்தாந்தம் படிச்சவன், தவம்.”

“அப்ப வெட்டுங்கோ. இது எங்கட பிள்ளையின்ர நாய். அவனுக்கு அங்க நிரந்தரமா இருக்கிறதுக்கு இன்னும் கடிதம் வரேல்லை. வெட்டிப்போட்டு நீங்களே அவனுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கோ.”

 பிறகு மேசை இழுப்பறை மூடும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை தவமணி தலைக்குக் குளித்துவிட்டு, சந்தனப்பொட்டோடு கருப்பம்மாளின் பின்வேலிக்கு வந்தார். அந்த வேலிக்கு அவர் வருவது இதுதான் முதல் முறை.

“கட்டினது நீங்கள்தானே?”

“ஆமாம்மா.”

“ஏன், எதுக்கு எண்டு நான் கேக்கேல்லை. முறையை மட்டும் சொல்லுங்கோ. முட்டை குடுக்கலாமோ?”

“கூடாதும்மா. கவிச்சில சேரும்.”

“பால்?”

“பால் நல்லது. தயிர் சோறு குடுக்கலாம். பருப்புப் போட்டுப் பெசஞ்சு குடுங்க.”

“எல்லை எண்டு ஒண்டு சொல்லுவினம். அது எது வரைக்கும்?”

இங்கேதான் கருப்பம்மாள் திணறினார். முனியாண்டியின் எல்லை பழைய தோட்டத்து எல்லை. மேற்கே ஆறு, கிழக்கே ஏழாங்கட்டைப் பாலம். அதற்குள் அவருடைய வீடு இருக்கிறது, கோழிக்கூண்டு இருக்கிறது, கொய்யா மரமும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் கெல்வின் முழு அதிகாரத்தோடு வந்துபோகலாம்.

“உங்க கேட்டு வரைக்கும்தாம்மா” என்றார். சொல்லும்போது கோயில் இருக்கும் திசையைப் பார்க்கவில்லை.

அடுத்த பத்து நாள், மன்றத்தின் கடிதத்தாலும் கம்பிவலையாலும் தகரத்தாலும் ஆகாததை ஒரு மஞ்சள் கயிறு செய்தது. கேட்டுக்குப் பூட்டு வந்தது. லோங்காங் பக்கத்து ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். கெல்வின் தயிர் சோறு தின்றது. முதல் இரண்டு நாள் ஊளையிட்டு, மூன்றாம் நாள் தட்டை நக்கி, ஐந்தாம் நாள் ஊறுகாய் கேட்பது போலப் பார்த்ததாகத் தவமணி சொன்னார். ஸ்கந்தராஜா தினமும் காலையிலும் மாலையிலும் அதன் கழுத்துப்பட்டியில் கயிறு மாட்டி வீட்டு வளவுக்குள்ளேயே இருபது சுற்று நடத்தினார். அதற்கு முன்பு அவர் அந்த நாயை நடத்திக்கொண்டு போனதே இல்லை. நாய்தான் தனியாக நடந்துகொண்டிருந்தது. அந்த வாரத்தில்தான் “சிட்” என்றால் அது உட்கார்ந்தது. வயிறு நிறையத் தயிர் சோறு இருந்ததால் வேறு எதுவும் செய்ய முடியாமல் இருந்திருக்கலாம் என்பது தினேஸ்வரியின் கருத்து.

பதினெட்டாம் நாள் கருப்பம்மாள் சேவலைக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, நெஞ்சோடு அணைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோனார். தினேஸ்வரி வேனைக் கோயில் மேட்டில் ஏற்றி நிறுத்தினாள். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகவில்லை. நாயின் பல்லிலிருந்து மாதக்கணக்கில் போராடிக் காப்பாற்றிய சேவலைச் சன்னாசியின் கத்திக்குக் கருப்பம்மாள் கையால் எடுத்துக் கொடுத்தார். இதில் முரண் ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. எல்லையைச் சுருக்கியதற்காகத் தனியாக ஒரு தேங்காய் உடைத்தார்.

காப்பு அவிழ்க்கும் வரிசையில், வெள்ளை வேட்டியில், கெல்வினைக் கயிற்றில் பிடித்தபடி ஸ்கந்தராஜா நின்றார். முன்னால் நின்ற ஆள் தள்ளி நின்றார். பின்னால் நின்றவர் இன்னும் தள்ளி.

சன்னாசி நாயைப் பார்த்தார், கருப்பம்மாளைப் பார்த்தார். “இவர்தான் கெல்வினா?”

“இவன்தான்” என்றார் ஸ்கந்தராஜா.

“முனியாண்டி காலடியிலயே ஒரு நாயி நிக்குது. இவன் நின்னா என்ன? உக்காரச் சொல்லுங்க சார்.”

“சிட்” என்றார் ஸ்கந்தராஜா. கெல்வின் உட்கார்ந்தது. தலைமையாசிரியர் சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். யாராவது கவனித்தார்களா என்று தெரிந்துகொள்ளத்தான்.

சிமெண்டு வைத்த ஓட்டையை யாரும் மறுபடி திறக்கவில்லை. காப்புக் கட்டிய நாயின் பெயரில் வழக்கு வைத்திருப்பது நல்லதில்லை என்று தவமணி சொன்னதால், ஸ்கந்தராஜா பிழையில்லாத ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் புகாரைத் திரும்பப் பெற்றார்.

இருபத்தோராம் நாள் பவித்ரன் கோப்பை மூட வந்தார். எட்டுக் கோழிகளை எண்ணினார். இந்த முறை முதல் தடவையே சரியாக வந்தது. படிவத்தில் கடைசியாக ஒரு வரி காலியாக இருந்தது: ‘சம்பந்தப்பட்டவர் நாய்க்கு எதிராக எடுத்த நடவடிக்கை.’

“உள்ளதச் சொல்லுங்கக்கா, எழுதணும்.”

கருப்பம்மாள் சொன்னார். பவித்ரன் அதை மலாயில் எப்படி எழுதுவது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றார். தமிழில் அது நீளமானதில்லை: நாய்க்குப் பயந்த கருப்பம்மாள், நாய்க்கு மூன்று வடை கொடுத்து, அதன் கழுத்தில் காப்புக் கட்டினார்.