வசந்தியக்காவின் பொட்டு

வசந்தியக்கா போய்விட்டார்.

காலையில் கடைப் பிள்ளை ஒருத்தி போனில் சொன்னபோது, எந்த வசந்தியக்கா என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த வசந்தியக்கா ஒருவர்தான்... இருந்தும் கேட்டேன்.

நேற்று நெஞ்சு நோகுது என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

சாவகச்சேரியில் ஒரு புடைவைக் கடையில் நானும் அவரும் பல வருஷம் ஒன்றாக நின்றோம். எங்களுக்குக் கூறைப் பகுதி. மாப்பிள்ளை வீட்டார் கல்யாணச் சேலை எடுக்க வந்தால் வசந்தியக்காதான் முன்னுக்கு வருவார். சேலையை விரித்துத் தன் தோளில் போட்டுக் காட்டுவார். அவர் தோளில் கிடந்தால் எந்தச் சேலையும் விலைபோகும். மனேஜருக்கும் அது தெரியும்.

கீழே இருக்கிற படம் அப்படி ஒரு நாள் எடுத்தது. தோளில் கிடப்பது விற்கிற சேலை. நெற்றியில் இருக்கிற அந்தப் பெரிய சிவப்புப் பொட்டு மட்டும் அவருடையது. அது இல்லாமல் நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை.

அவருடைய கணவர், நாங்கள் அண்ணை என்று சொல்கிறவர், போரின் கடைசிச் சண்டையோடு காணாமல் போனவர். அதனால் அந்தப் பொட்டு பலருக்குக் கண்ணில் குத்தியது.

முதலில் குத்தியது வீட்டில் கூட இருந்த மாமிக்கு... கணவரின் தாய்க்கு. மகன் இனி இல்லை என்று மாமி எப்போதோ மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார். படத்துக்கு மாலை போடப் போனவரை அக்கா விடவில்லையாம். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, இரண்டு பேரும் இந்தப் பொட்டுக்காக மாசக்கணக்கில் கதைக்காமல் இருந்திருக்கிறார்கள்.

ஒருநாள் கூறை எடுக்க வந்த ஒரு அம்மா, அக்காவின் ஊர்க்காரி. அக்காவைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. வேறு யாராவது சுமங்கலிப் பிள்ளை எடுத்துக் காட்டட்டும் என்று மனேஜரிடம் மெல்லச் சொன்னார். மெல்ல என்றால்... கடை முழுக்கக் கேட்டது.

அக்கா சேலையைத் தோளில் இருந்து எடுக்கவில்லை.

"அம்மா, என்ரை மனிசன் இன்னும் வீட்டை வரேல்லை. அவ்வளவுதான். செத்திட்டார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அந்த அம்மா மனேஜரைத் திரும்பிப் பார்த்தார். மனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான்தான் மிச்சச் சேலைகளைக் காட்டினேன்.

அவர்கள் போனதும் ஸ்டோர் அறைக்கு ஓடினேன். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். மனிசி பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபம் வந்தால் தனக்குப் பசிக்குமாம்! எனக்கும் ஒரு வாய் தந்தார். பிறகு முகத்தைக் கழுவி, புதுப் பொட்டு ஒட்டிக்கொண்டு, அடுத்த ஆட்களுக்கு முன்னால் போய் நின்றார்.

எனக்கு அவரில் பிடித்ததும் அதுதான், பயந்ததும் அதுதான்.

மாசம் தவறாமல் தலைக்கு டை அடிப்பார். இந்த வயசில் யாருக்கு இந்தச் சோடனை என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

ஒரு மத்தியானம், கடையில் ஆட்கள் இல்லாத நேரம், கண்ணாடிக்கு முன்னால் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் போகேக்கை எனக்கு ஒரு நரையும் இல்லையடி. திரும்பி வந்து, என்னை ஆரெண்டு தெரியாமல் முழிச்சால்?"

அதற்குப் பிறகு நாங்கள் பகிடி பண்ணவில்லை.

கொஞ்சக் காலம் போக டையை நிறுத்திவிட்டார். வகிடு வெள்ளையாய் வளர்ந்துகொண்டு வந்தது. அக்கா மனம் விட்டுவிட்டாரோ என்று எனக்குப் பயம். கேட்கவும் பயம். கடைசியில் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவருக்கும் நரைச்சிருக்கும்தானே," என்றார். சேலை மடித்த கை நிற்கவில்லை.

இதை எழுதும்போதும் எனக்குத் தாங்கவில்லை...

இன்று செத்த வீட்டுக்குப் போனேன். உள்ளே சத்தம். அக்காவுக்கு எந்தச் சேலை கட்டுவது என்று.

கணவன் இருக்கும்போது கண் மூடுகிறவளுக்குக் கூறை கட்டி, பொட்டு வைத்து அனுப்புவது எங்கள் வழக்கம். கணவன் இல்லாதவளுக்கு வெள்ளை. சொந்தக்காரர் வெள்ளைச் சேலையே வாங்கி வந்திருந்தார்கள். முகத்தைத் துடைத்தபோது பொட்டையும் எடுத்துவிட்டார்கள்.

அந்த வெறும் நெற்றியைப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாய் வந்தது. சொல்ல நான் யார்? கூட வேலை செய்தவள், அவ்வளவுதான். மாமியைப் பார்த்தேன். சுவரோடு சாய்ந்து இருந்தார். அவரிடம் போய் என்னத்தைக் கேட்பது... பொட்டை எடு, எடு என்று சொன்னவரே அவர்தானே.

மாமிதான் எழும்பினார்.

சுவரைப் பிடித்துப் பிடித்து அலுமாரிக்குப் போனார். அக்காவின் கூறையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"இதைக் கட்டி விடு பிள்ளை. பொட்டு நான் வைக்கிறன். அவன் வந்து கேட்டா நான் என்னெண்டு சொல்லுறது?"

வெள்ளைச் சேலையை யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் கூறையைக் கட்டினேன். மாமி தன் கையால் குங்குமம் வைத்தார். கை நடுங்கியதில் கொஞ்சம் பெரிதாய்ப் போய்விட்டது... அக்காவுக்கு அந்த அளவுதான் பிடிக்கும்.

அண்ணை, நீங்கள் எங்கே இருந்தாலும்... அக்காவுக்கு நரைத்துவிட்டது. மற்றபடி அதே முகம்தான்.

போயிட்டு வாங்கோ, அக்கா.