ஒரே சட்டியில் சாசேஜும் உருளைக்கிழங்கும்

ஐம்பதுகளின் கடைசியில் சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மாடி அறையில் குடியிருந்தேன். வெள்ளைக்காரப் பட்டாளத்தின் முகாமில் ஸ்டோர் கிளார்க் வேலை. பெண்டாட்டி பிள்ளை ஊரில். என்னோடு அறையில் இருந்தவர் நாகூர்ப் பக்கத்து பாய், துணிக்கடையில் வேலை பார்த்தார். அவர் குடும்பமும் ஊரில்தான். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி. நான் சமைப்பேன், அவர் கழுவி வைப்பார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். ஆபீசில் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். போனால் போகட்டும் என்று நானும் தனியாகவே உட்காருவேன். ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போது, ஏழரைக்கு பாய் வந்துவிடுவார், எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார் என்ற நினைப்பு ஒன்றுதான் துணை. "அண்ணே, இன்னைக்கு உப்புக்கு லீவா?" என்று கிண்டல் பண்ணுவார். நாள் பூராவும் என்னிடம் சிரித்துப் பேசியது அவர் ஒருவர்தான்.

முகாமில் ஒரு அதிகாரி இங்கிலாந்துக்கு மூட்டை கட்டினார். மிஞ்சின டின்களை மேசையில் பரப்பி, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கறியை அரைத்துக் குழல் மாதிரி அடைத்த சாசேஜ் டின் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டேன். உருளைக்கிழங்கு, வெங்காயத்தோடு ஒரே சட்டியில் போட்டால் அரை மணியில் சாப்பாடு தயார் என்று அவரே சொல்லிக்கொடுத்தார். வழக்கமாக எங்களுக்கு ஆட்டுக்கறிதான், அதுவும் தேக்கா மார்க்கெட்டில் முஸ்லிம் கடையில் வாங்கியது. வேறு கறி அந்த அறைக்குள் வந்ததே இல்லை.

அன்று சாயங்காலம் உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கி எண்ணெயில் போட்டேன். ஓரம் சிவந்ததும் வெங்காயம், காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. கடைசியில் சாசேஜைத் துண்டு போட்டுச் சேர்த்து, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடினேன். மிளகாய் போடச் சொல்லி துரை சொல்லவில்லை. அவர் நாக்குக்கா நான் சமைக்கிறேன்? வாசனை கீழ்ப்படி வரைக்கும் போயிற்று.

பாய் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்து, சட்டிப் பக்கம் கையை நீட்டியவர் நிறுத்தினார். "இது என்ன கறிண்ணே?"

மாடு என்று டின்னில் பெரிதாகப் போடவில்லை, அதுவரைக்கும்தான் பார்த்திருந்தேன்; என்ன கறி என்று எனக்கே தெரியவில்லை. டின்னை எடுத்துப் பார்த்தேன். பன்றி இறைச்சி என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. கடையில் வாங்கின ஆடு என்று சொன்னால் நம்பிச் சாப்பிடுவார். அந்த எண்ணம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். "பன்னி, பாய்" என்றேன்.

அவர் கையை மெல்ல எடுத்துக்கொண்டார். அதுதான் எனக்கு எரிச்சலாகிவிட்டது. மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வேண்டிய இடத்தில், "நான் என்ன வேணும்னா செஞ்சேன்? எனக்கு ஆகாத மாடு இருக்கான்னு நல்லா பார்த்துட்டுத்தானே எடுத்தேன்" என்று கத்தினேன்.

"நான் ஒண்ணும் சொல்லலையே லா" என்று எழுந்து, வெளியே சாப்பிடப் போனார்.

மறுநாள் பழைய சட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, புதுச் சட்டி, புதுத் தட்டு எல்லாம் வாங்கி வைத்தேன். பார்த்துவிட்டு, "எதுக்குண்ணே இதெல்லாம்" என்றார். ஆனால் அன்றும் கடையிலேயே சாப்பிட்டாகிவிட்டது என்றார். அடுத்த நாளும் அப்படித்தான். இரண்டு பேருக்குச் சமைத்துவிட்டு நான் ஒருத்தனாகச் சாப்பிட்டேன். ஒரு மாதத்தில், துணிக்கடைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்துவிட்டது என்று பெட்டியைக் கட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அதான் எல்லாம் புதுசு வாங்கியாச்சே பாய். இன்னும் என்ன?" என்று கேட்டேன்.

"சட்டியில ஒண்ணும் இல்லண்ணே. தெரியாம நடந்ததுக்கு யாரு என்ன சொல்றது? உங்களுக்கு ஆகாதது இருக்கான்னு பார்த்தீங்க. எனக்கு ஆகாதது இருக்கான்னு பார்க்கத் தோணலையே உங்களுக்கு."

பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் கீழே இறக்கினோம். அந்த ஊரில் எனக்கென்று இருந்த ஒரே மனிதர். முகாமில் அந்த டின்னைத் திருப்பிப் பார்த்த நேரத்தில் அவர் என் நினைப்பிலேயே இல்லை.