முப்பது மில்லிமீட்டர் குறைந்த நாள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்று காலை பெங்களூரு பீன்யாவில் எங்கள் தொழிற்சாலைக்குள் நுழைந்ததுமே, பக்கத்து மேசையில் வெட்டிய இரும்பின் பிசிறுகளை அரத்தால் தேய்த்து எடுக்கும் அக்காவோடு சண்டை. இங்கே ஓக்கலிபுரத்தில் பிறந்து வளர்ந்த தமிழர், பேச்சில் கன்னடம் கலக்கும். என் கம்ப்யூட்டர் மெஷினில் இரும்புத்தூளை ஊதும் ஏர் கன்னைக் கேட்காமல் எடுத்தார் என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன்.

அதே சூட்டோடு வேலையைத் தொடங்கினேன். ஒரே ஒரு ஷாஃப்ட், உருளையான இரும்புத் தண்டு, அறுபது மில்லிமீட்டர் தடிமன். பலர் நாள்கணக்கில் கடைந்து மெருகேற்றித் தந்தது. அதன் முதுகில் ஒரு பள்ளம் மட்டும் வெட்ட வேண்டும். ஏற்கெனவே இரண்டைப் பாழாக்கியிருந்தேன். இதுவும் போனால் வேலை நிரந்தரமாகாது என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

இப்படி உருளையான தண்டில், மெஷின் உயரத்தை அளக்கத் தொடங்கும் பூஜ்யத்தை மேல்முதுகிலும் வைக்கலாம், நடு அச்சிலும் வைக்கலாம். என் புரோகிராமுக்கு மேல்முதுகு. முந்தைய ஷிப்ட்காரர் தன் வேலைக்காக நடு அச்சில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அவர்மேல் தப்பில்லை. பார்த்து மாற்ற வேண்டியவன் நான்தான், கோபத்தில் பார்க்கவில்லை.

புரோகிராமை ஒவ்வொரு வரியாக ஓட்டினேன். வெட்டும் டூல் ஷாஃப்டுக்கு மேலே வந்து நின்றது. அடுத்த வரிக்குப் பட்டனில் விரல் வைத்தேன்.

"ஏய், ஸ்வல்ப இருப்பா! தெனமும் அங்க ஸ்கேல் வச்சுப் பாப்ப இல்ல? இன்னைக்கு ஏன் பாக்கல?" என்று கத்தினார் அக்கா.

"உங்க வேலையப் பாருங்கக்கா" என்று எரிந்து விழுந்தேன். ஆனாலும் ஸ்கேலை எடுத்தேன். நூறு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி எழுபதுதான் இருந்தது. முப்பதைக் காணோம், ஷாஃப்டின் சரிபாதி. அழுத்தியிருந்தால் டூல் முழு வேகத்தில் ஷாஃப்டுக்குள் பாய்ந்திருக்கும். பூஜ்யத்தை மேல்முதுகுக்கு மாற்றிவிட்டுப் பள்ளத்தை வெட்டி முடித்தேன்.

டீ நேரத்தில் கேட்டேன். "காலைல அவ்ளோ திட்டினேனே, அப்புறமும் ஏன்க்கா சொன்னீங்க?"

"ஷாஃப்டா என்னைத் திட்டுச்சு?" என்று சிரித்தார்.

அந்த மாதமே வேலை நிரந்தரமானது. கடிதத்தை வீட்டில் காட்டும் முன் அக்காவிடம்தான் நீட்டினேன். கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கி, என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். பிறகு, "இந்த லெட்டர் இப்படித்தான் இருக்குமா?" என்றார். பதினோரு வருடமாக அவர் அங்கே கான்ட்ராக்டில்தான் இருக்கிறார்.