கொழுகொழு குழந்தை

தொழிற்சாலை கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவள் அவள். யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கரண்டியக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். உப்பு கூடிவிட்டது என்று எவனாவது வாயைத் திறந்தால் போச்சு, மறுநாள் அவன் தட்டில் அடிப்பிடித்ததுதான் விழும். அப்படிப்பட்ட வாய்க்காரி, ஒன்றரை வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா முன்னால் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, குழந்தைக்கு என்ன சாப்பாடு குடுக்கறே?"

"பால், பருப்பு, முட்டை... எல்லாந்தான் டாக்டர்."

அத்தனையும் பொய். கதவு திறந்து கிடந்தது. வெளியே வரிசையில் கேன்டீனில் சாப்பிடுகிற பெண்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஊருக்கே பொங்கிப் போடுகிறவள் வேறென்ன சொல்வாள்?

டாக்டரம்மா குழந்தையின் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. "இவ்வளவு சாப்பிட்டும் வீங்குதுன்னா கிட்னியா இருக்கலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

வீக்கமா! அதைத்தான் கொழுகொழு என்று தெருவெல்லாம் காட்டிப் பெருமையடித்திருந்தாள். ஐந்து மாதம் முன்பு குழந்தைக்கு வயிற்றால் போனது. பகலில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அத்தை, பாலும் முட்டையும் ஆகாது, தண்ணிக்கஞ்சி போதும் என்றாள். வயிற்றுப்போக்கு நின்றது. பால் கொடுத்தால் மறுபடி போகுமோ என்று பயந்து இவளும் கஞ்சியிலேயே விட்டுவிட்டாள். கன்னம் உப்பியதும், கஞ்சிதான் ஒத்துக்கொள்கிறது என்று பூரித்தும் போனாள். அத்தையை என்ன சொல்ல? பெற்றவள் இவள்தானே.

டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார்.

"பொய் சொல்லிட்டேன் டாக்டர். கஞ்சித்தண்ணிதான். அஞ்சு மாசமா அது மட்டுந்தான்."

வாசலில் நின்ற இரண்டு பேரும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா எழுதியதைக் கிழித்துப் போட்டார். "இப்பவாவது சொன்னியே. இது கிட்னி இல்ல, சத்தில்லாம நீர் கோத்த வீக்கம். இங்கேயே சேர்த்துக்கலாம்." திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

வார்டில் வேளை தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் புகட்டினார்கள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிந்தது. குழந்தைக்கு உடம்பு துடைக்கச் சட்டையைக் கழற்றினாள். விலா எலும்பை எண்ணிவிடலாம்; தொடையில் வெறும் தோல் தொங்கியது.

பக்கத்துக் கட்டில்காரி பதறினாள். "ஐயோ, என்னக்கா இது! இங்க வந்து இப்படி இளைச்சுப் போச்சே?"

"இங்க வந்து இளைக்கலம்மா," என்றாள். "நான் தூக்கிட்டு வரும்போதே இவ இவ்வளவுதான் இருந்தா."