வெர்னாவின் கைகளும் வெல்வின் சோப்பும்

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கப் பத்திரிகை விளம்பரங்களில் பாத்திரம் கழுவிய பெண்கள் எல்லோரும் முத்துமாலை போட்டுக்கொண்டே கழுவினார்கள். எங்கள் மினசோட்டாவில் அப்படி யாரும் கழுவி நான் கண்டதில்லை. நாங்கள் பின்தங்கியவர்கள்.

ஆனாலும் நாட்டின் முன்னேற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு. வெல்வின் சோப்பு விளம்பரத்தில் நுரையிலிருந்து மெல்ல எழும் அந்த வெண்ணிறக் கைகள், எங்கள் தபால்காரர் ஓர்லனின் மனைவி வெர்னா டோலஃப்சனுடையவை. மேலே ஆனந்தத்தில் திளைக்கும் முகமும் அவருடையதே. எச்சில் தட்டைப் பார்த்து ஒரு பெண்ணுக்கு அத்தனை ஆனந்தம் வரும் என்பதைக் கண்டுபிடித்தவர்கள் சிகாகோ விளம்பரக்காரர்கள்.

ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. வெர்னா தண்ணீரில் கை வைக்கக் கூடாது. அதை வெளியே சொல்லவும் கூடாது. ஆகவே வெள்ளை நூல் கையுறையோடு அவர் உட்கார்ந்திருக்க, வீட்டுப் பாத்திரங்களை ஓர்லன் கழுவினார்.

தொல்லை தேவாலயத்தில் வந்தது. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அங்கே மீன் விருந்து. சாம்பல் காரம் கலந்த நீரில் ஊறிய அந்த மீன் தட்டில் காய்ந்தால் பசையாகிவிடும். விருந்து முடிந்ததும் பெண்கள் நிலவறைச் சமையலறையின் தொட்டியடியில் தோளோடு தோள் நின்று கழுவுவார்கள். யார் முழுகாமல் இருக்கிறாள், யார் பண்ணை கைமாறுகிறது என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். அங்கே நிற்காதவள் ஊரில் இருந்தும் இல்லாதவள். வெர்னா இடுப்பு வலி என்று சொல்லி இரண்டு வருடம் நழுவினார். அவரிடம் யாரும் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்ததையே கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அந்த வருட விருந்துக்குச் சிகாகோவிலிருந்து விட்லோ என்பவர் கேமராவோடு வந்தார். அசல் பெண்கள், அசல் சமையலறை, நடுவில் வெர்னா: இதுதான் அவருக்கு வேண்டிய படம். சோப்பு நுரை சீக்கிரம் அடங்கிவிடுகிறதென்று சவரக் குழம்பைத் தொட்டிமேல் அப்பினார். அசல் பெண்கள் தங்கள் கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும் என்று பணிவாகக் கேட்டுக்கொண்டார். தட்டு சுமந்துவந்த ஆண்களில் நானும் ஒருவன்; எங்கள் தட்டுகளில் மீன் காய்ந்துகொண்டே இருந்தது.

சமையலறைத் தலைவி ஆர்டிஸ் நைகார்டுக்குப் பொறுமை போய்விட்டது.

“ரெண்டு வருஷமா உங்க சோப்புலதான் கழுவுறோம். அப்புறம் எங்க கையை எதுக்கு மறைக்கணும்?”

“வெளிச்சம் சரியா விழாதும்மா.”

“வெர்னா கையில மட்டும் விழுதாக்கும். அவ எந்தக் கடையில வெளிச்சம் வாங்குறா?”

வெர்னா கையுறையைப் பார்த்தார்.

“நான் கழுவுறதே இல்லக்கா,” என்றார். “ஓர்லன்தான் கழுவுறார். தண்ணி தொட மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க.”

“அப்ப இடுப்பு வலி?”

“இடுப்புக்கு ஒண்ணுமில்ல.”

கையுறையைக் கழற்றி விட்லோவின் கோட்டுப் பையில் செருகினார். சவரக் குழம்பை வழித்துத் தள்ளிவிட்டு, ஆவி பறக்கும் தண்ணீரில் முழங்கைவரை கையை விட்டார். அந்தக் கைகள் நிறுவனத்தின் சொத்து என்று விட்லோ மன்றாடினார்.

ஆர்டிஸ் இருப்பதிலேயே பெரிய கரிபிடித்த வாணலியை இழுத்து வெர்னா முன்னால் வைத்தார்.

“அடிப்பக்கத்தை நல்லாத் தேய்டி. நம்ம ஊர்ப் பண்ணைக்காரன் ஒருத்தன் மக ஓடிப்போன கதை தெரியுமா உனக்கு?”

தெரியாது என்றார் வெர்னா. இரண்டு வருடக் கதைகள் பாக்கி இருந்ததால் அன்று கழுவி முடிக்க வெகுநேரமாயிற்று.

வெர்னாவின் ஒப்பந்தம் மறுநாளே ரத்து. ஆனால் நிறுவனம் எதையும் வீணாக்குவதில்லை. வசந்தத்தில் வந்த விளம்பரத்தில் வெர்னாவின் பழைய முகம், கீழே வேறு யாருடையதோ கைகள். ஒட்டியவர் அவசரத்தில் இரண்டையும் இடக்கையாக ஒட்டியிருந்தார். நாடு முழுக்கப் போன பத்திரிகை. எனக்குத் தெரிந்து யாரும் கவனிக்கவில்லை. கைகள் வழுவழுப்பாக இருந்தன, அது போதுமானதாக இருந்தது.

ஆர்டிஸ் அந்தப் பக்கத்தைக் கிழித்துக் காப்பிச் சக்கையைச் சுற்றினார். வெர்னா பார்க்கக்கூட இல்லை. தொட்டியடியில் நின்று, போதகர் வீட்டுச் சண்டையை மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.